வீட்டில் சர்வீஸ் செய்த செகண்ட் ஹேண்ட் பைக்கில் கசிவு: மலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

செகண்ட் ஹேண்டில் ஒரு பைக் வாங்கியாயிற்று. ஆயில் மாற்றி, பிரேக் பேட் மாற்றி, செயின் துடைத்து எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே முடித்தாயிற்று. மறுநாள் காலையில் பார்த்தால் வண்டிக்கு அடியில் ஒரு கறை. இந்த நேரத்தில் பெரும்பாலோர் கை நேராக ஸ்பானருக்குத்தான் போகிறது. ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டை இன்னும் கால் சுற்று, அரைச் சுற்று என்று இறுக்குகிறார்கள். எஞ்சின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டும் மோதினால் மரை போவது அலுமினியத்தில்தான். சில ரூபாய் வாஷரில் முடிந்திருக்க வேண்டிய வேலை லேத் பட்டறை வரை போய்விடும்.

கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை எதையும் இறுக்காதீர்கள், எதன்மீதும் கேஸ்கெட் பேஸ்ட் பூசாதீர்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்தத் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

நீலகிரியில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்தரையில் உறைபனி படியும். அந்தக் குளிரில் ஆயில் கெட்டியாகிவிடும், வயதான ரப்பர் சீல் விறைத்துப் போகும். வாசலும் தெருவும் பெரும்பாலும் சரிவு. சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது சமவெளியிலேயே அரிது, இங்கே இன்னும் அரிது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கும் இதே கதைதான், கொடைக்கானல்காரர்களுக்கும் பொருந்தும்.

படி 1: வண்டி நகரலாமா, கூடாதா?

கசிவைத் தேடும் முன் இதை முடிவு செய்யுங்கள். மூன்று நிலைகளில் வண்டியை ஓட்டும் முன் யோசிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் கசிந்தால் ஓட்டக் கூடாது. லிவர் வழக்கத்தைவிட உள்ளே போகிறதா, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறதா என்று நின்ற இடத்திலேயே அழுத்திப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வண்டி நிற்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36. இப்படிப்பட்ட இறக்கத்தில் பிரேக் பாதி பிடித்தால் போதும் என்று நினைப்பதற்கு இடமே இல்லை.

பெட்ரோல் கசிந்தால் வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். டேப் இருந்தால் மூடுங்கள். பக்கத்தில் விறகடுப்போ, குளிர்காயும் நெருப்போ, ஹீட்டரோ இருக்கக் கூடாது. குளிர்காலத்தில் வண்டியை வீட்டுக்குள்ளேயே ஏற்றி வைக்கும் பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. பெட்ரோல் வாடை வரும் வண்டியை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்காதீர்கள்.

மூன்றாவது, பின் டயரிலோ டிஸ்க்கிலோ ஆயில். டயரைப் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடலாம். ஆனால் கசிவு நிற்காதவரை அடுத்த வளைவுக்குள் மறுபடியும் ஆயில் வந்துவிடும். பேடில் ஆயில் ஊறிவிட்டால் அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

மற்றபடி எஞ்சின் அடியில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என்றால் பதற வேண்டாம். ஆனால் அளவு பாருங்கள். நம் ஊரில் ஓடும் சிறிய பைக்குகள் பலவற்றில் ஆயில் பிரஷர் விளக்கு கிடையாது. ஆயில் தீர்வதை வண்டி சொல்லாது, ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்தான் சொல்லும்.

படி 2: சமதளம் தேடுங்கள்

சரிவில் நிற்கும் வண்டியில் பார்க்கும் எந்த ஆயில் அளவும் பொய். மூக்கு கீழே இருந்தால் ஆயில் முன்னால் சேரும், டிப்ஸ்டிக் குறைவாகவோ கூடுதலாகவோ காட்டும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் இரவு முழுக்க ஆயில் இடது கவர் பக்கம் தேங்கி நிற்கும். இது ஒரு துப்பும்கூட. சென்டர் ஸ்டாண்டில் வைத்தால் தரை காய்ந்திருக்கிறது, சைடு ஸ்டாண்டில் வைத்தால் சொட்டுகிறது என்றால், இடப்பக்கத்து மேக்னெட் கவர் பேக்கிங், கியர் ஷாஃப்ட் சீல், முன் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் உள்ள சீல் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வாசல் சமமா என்று தெரிய ஒரு தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள்; எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்தால் போதும். சமமான இடமே இல்லையென்றால் உறுதியான பலகைத் துண்டைச் சக்கரத்துக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கொடுத்துச் சரிசெய்யலாம். வண்டி சாயாமல் நிற்கிறதா என்று இருமுறை ஆட்டிப் பார்த்த பிறகு கீழே குனியுங்கள்.

படி 3: கசிவது என்ன?

கசிவது எது என்று தெரிந்துவிட்டாலே தேடல் பாதியாகச் சுருங்கிவிடும். ஒரு வெள்ளைத் தாளில் சொட்டைப் பிடியுங்கள். நிறம், வாடை, வழவழப்பு மூன்றையும் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

எஞ்சின் ஆயில் புதிதாக இருந்தால் தேன் நிறம், ஓடிய பிறகு கறுப்பு. தாளில் எண்ணெய்க் கறையாகப் பரவி அப்படியே இருக்கும். இங்கே ஒரு நல்ல குறிப்பு கிடைக்கிறது: நேற்றுதான் ஆயில் மாற்றினீர்கள் என்றால், கீழே விழுவது கறுப்பா, தேன் நிறமா? கறுப்பு என்றால் அது பெரும்பாலும் வடிக்கும்போது எஞ்சின் அடியில், எஞ்சின் கார்டுக்குள், சேசிஸ் மடிப்பில் சிந்தித் தங்கிய பழைய ஆயில். உண்மையான கசிவே இல்லாமல் இருக்கலாம். தேன் நிறம் என்றால் இப்போது உள்ளே இருப்பதுதான் வெளியே வருகிறது.

பிரேக் ஆயில் நிறமற்றதாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், பழசானால் பழுப்பாகும். இதை எஞ்சின் ஆயிலிலிருந்து பிரிக்க எளிய வழி உண்டு. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். எஞ்சின் ஆயிலும் ஃபோர்க் ஆயிலும் மேலே மிதந்து வானவில் நிறத்தில் பரவும். டாட் (DOT) 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், அதனால் டேங்க்கில் பட்டிருந்தால் தேடலை நிறுத்திவிட்டு முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயத்தோடு இருக்கும். லேசான இனிப்பு வாடை. யமஹா ஆர்15, கேடிஎம் டியூக் போன்ற ரேடியேட்டர் வண்டிகளுக்குத்தான் இந்தக் கவலை. வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கிருந்து சொட்டினால் பம்ப்புக்குள் சீல் போய்விட்டது என்று பொருள். அந்த ஓட்டையை அடைக்கக் கூடாது, அது எச்சரிக்கை தருவதற்காகவே வைத்தது. கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயும் பூனையும் நக்காதபடி உடனே துடைத்துவிடுங்கள்.

பெட்ரோல் தாளில் சில நிமிடங்களில் காய்ந்து மறைந்துவிடும். வாடைதான் அடையாளம்.

கடைசியாகத் தண்ணீர். குளிர் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் சொட்டுவது இயல்பு. கரியோடு சேர்ந்து கறுப்பாக விழுவதால் ஆயில் என்று பயந்துவிடுகிறோம். விரலில் தேய்த்தால் வழவழப்பு இருக்காது. மழைநாளில் சீட் ஸ்பாஞ்சில் ஊறிய தண்ணீரும் இப்படித்தான் மணிக்கணக்கில் சொட்டும்.

படி 4: நன்றாகத் துடையுங்கள், பிறகு காத்திருங்கள்

அழுக்கு எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண் வேலை. டீசலிலோ டிகிரீசரிலோ பிரஷ்ஷை நனைத்து எஞ்சின் அடிப்பாகம், கவர் விளிம்புகள், போல்ட் தலைகள், ஸ்பிராக்கெட் பக்கம் எல்லாவற்றையும் தேயுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிரேக் டிஸ்க், பேட், டயர் பக்கம் இது படக் கூடாது. அப்புறம் சோப்புத் தண்ணீர், அப்புறம் பனியன் வேஸ்ட் போட்டு ஈரம் போகத் துடைப்பது. வேகமாகப் பீய்ச்சும் வாட்டர் வாஷ் வேண்டாம். தண்ணீர் சீல் வழியாகவும் வயர் முனைகளிலும் நுழைந்து புதிய தலைவலியைக் கொண்டுவரும்.

எஞ்சின் கார்டு, அடித்தகடு இருந்தால் கழற்றிவிடுங்கள். கழற்றிய இடத்தில் தேங்கிய பழைய ஆயிலைப் பார்த்தே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

துடைத்து முடித்ததும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். அட்டையில் முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டாண்ட் இருக்கும் இடங்களைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை நகர்ந்தாலும் சொட்டு எதற்குக் கீழே விழுந்தது என்று பிறகு சொல்ல முடியும்.

படி 5: மூன்று கட்டச் சோதனை

முதலில் ஸ்டார்ட் செய்யாமல் ஒரு இரவு விடுங்கள். இந்த நிலையில் சொட்டினால், ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் இடம் கசிகிறது: டிரெயின் போல்ட், ஸ்ட்ரெய்னர் (ஆயில் சல்லடை) மூடி, கவர்களின் அடிப்பகுதி.

அடுத்து, ஐடிலில் சில நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஓடும்போது மட்டும் கசிந்தால் பிரஷர் உள்ள இடம் அல்லது ஆயில் தெறிக்கும் இடம்: ஃபில்டர் மூடி, வால்வுகளுக்கு மேலுள்ள டேப்பெட் மூடி, ஹெட் பக்கம்.

மூன்றாவது, ஒரு சிறிய ஓட்டம். வண்டி நின்றுபோனாலும் தள்ளிக்கொண்டு வரக்கூடிய தூரத்துக்குள், பெரிய இறக்கம் இல்லாத சாலையில். கிளம்பும் முன் சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைப் பூசிவிடுங்கள். ஆயில் வரும் வழி பவுடரில் கறுத்த கோடாகத் தெரியும். மூடுபனி கனமாக இருக்கும் நாளில் பவுடர் தானே நனைந்துவிடும். வெயில் வந்த பிறகு செய்யுங்கள். சில ஏற்றங்களை இரண்டாம் கியரில் ஏறினால் எஞ்சின் நன்றாகச் சூடாகி ஆயில் இளகும். காலைக் குளிரில் மறைந்திருந்த கசிவு அப்போது வெளியே வரும்.

திரும்பி வந்ததும் பார்க்க வேண்டிய விதி ஒன்றுதான்: ஈரமான பகுதியில் எது மிக மேலே, மிக முன்னே இருக்கிறதோ அதுதான் தொடக்கம். ஆயில் கீழ்நோக்கி இறங்கும், காற்று அதைப் பின்னால் தள்ளும். டிரெயின் போல்ட்டின் நுனியில் சொட்டு தொங்குகிறது என்பதால் போல்ட் கசிகிறது என்று ஆகாது. எஞ்சினின் தாழ்வான இடமே அதுதான். எங்கே கசிந்தாலும் அங்கேதான் வந்து தொங்கும். போல்ட்டுக்கு மேலே உள்ள கேஸ் காய்ந்திருந்து, வாஷர் விளிம்பில் மட்டும் ஈரம் ஊறினால்தான் போல்ட் குற்றவாளி. மேக்னெட் கவருக்குள்ளிருந்து ஸ்டேட்டர் வயர் வெளிவரும் ரப்பரில் கசிந்தால் ஆயில் வயர் வழியாகவே ஊர்ந்து வேறொரு இடத்தில் சொட்டும். அதனால் வயர்களையும் தடவிப் பாருங்கள்.

படி 6: நீங்கள் கை வைத்த இடங்கள்

வீட்டு சர்வீஸுக்குப் பிறகு வந்த கசிவு என்றால் கடைசியாகத் திறந்த இடத்திலிருந்து தொடங்குவது நியாயம். என்னென்ன கழற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

டிரெயின் போல்ட்: வாஷர் ஒருமுறை நசுங்கி வேலை செய்வதற்காகவே செய்யப்பட்டது. பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசிய வாய்ப்பு அதிகம். சில நேரம் பழைய வாஷர் கேஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அது தெரியாமல் புதியதையும் போட்டால் இரண்டு வாஷராகிவிடும். செம்பு வாஷரென்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி இளகும். டிரெயின் போல்ட்டுக்கு அவசரத்துக்கு இது போதும். இறுக்கும் அளவு சிறிய பைக்குகள் பலவற்றில் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டியின் சரியான அளவை மேனுவலில் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் சிறிய கைப்பிடி ரிங் ஸ்பானர் பயன்படுத்துங்கள், பைப் போட்டு நீட்டாதீர்கள்.

ஃபில்டர் மூடி: ஓரிங் பள்ளத்தில் சரியாக உட்காராமல் மடங்கியிருக்கும், அல்லது வெட்டுப்பட்டிருக்கும். போடும்போது ஓரிங்கில் கொஞ்சம் புது ஆயில் தடவ வேண்டும். மூடியின் போல்ட்களை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் பேப்பர் ஃபில்டர் கிடையாது; வலப்பக்க கிளட்ச் கவருக்குள் சுழலும் ஃபில்டரும் ஸ்ட்ரெய்னரும் இருக்கும். அதைச் சுத்தம் செய்யக் கவரைத் திறந்திருந்தால் பேக்கிங் புதிதாகத்தான் போட வேண்டும். கிழிந்த பேக்கிங்கை பேஸ்ட் தடவிச் சமாளித்தால் பிதுங்கும் பேஸ்ட் உள்ளே உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். வெளியே ஒரு சொட்டு கசிவதைவிட அது பெரிய ஆபத்து.

டேப்பெட் மூடி: வால்வு கிளியரன்ஸ் பார்த்திருந்தால் இந்த வட்ட மூடிகளின் ஓரிங்கைப் பாருங்கள். சூட்டில் பல வருடம் வெந்து தட்டையாகியிருக்கும். அங்கிருந்து இறங்கும் ஆயில் ஃபின்களின் வழியே வழிவதால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். ஓரிங் மாற்றி, துடைத்து, மறுபடி ஓட்டிப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மலையில் அதிகம் கவனிக்க வேண்டிய ஒன்று: ஆயில் கூடுதலாக ஊற்றுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எதுவும் உடையாமல், எந்தச் சீலும் போகாமல், வண்டி கசிகிற மாதிரியே காட்டும்.

குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டி. ஊட்டியில் காலை ஏழு மணிக்கு வடித்தால் கொஞ்சம் ஆயில் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வாசல் சரிவாக இருந்தால் ஒரு மூலையில் தேங்கியதும் வராது. அதற்கு மேல் மேனுவலில் சொன்ன முழு அளவையும் ஊற்றுகிறோம். மேனுவலில் பொதுவாக இரண்டு அளவுகள் இருக்கும்: ஆயில் மாற்றும்போது ஒன்று, எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சேர்க்கும்போது இன்னொன்று. இரண்டாவது பெரியது, அவசரத்தில் கண்ணில் படுவதும் அதுதான். 900 மில்லி வேண்டிய வண்டிக்கு ஒரு லிட்டர் டப்பாவைக் கவிழ்த்துவிடுவதும் வழக்கம். இந்த மூன்றும் சேர்ந்தால் எஞ்சினுக்குள் ஆயில் மட்டம் தேவைக்கு மேல் ஏறிவிடும். சுழலும் பாகங்கள் அதைக் கலக்கி நுரையாக்கும், எஞ்சினின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாய் வழியாக அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போகும். அங்கே ஃபில்டரை நனைத்து, பெட்டியின் அடியில் உள்ள டிரெயின் குழாய் நிரம்பி, கடைசியில் பின் டயருக்கு முன்னால் சொட்டும். டயர் பக்கம் வருவதால் இது சாதாரணக் கசிவைவிட மோசம்.

சோதிப்பது எளிது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் மூடி போட்ட சிறிய குழாயைத் தேடி, கிளிப்பை விலக்கிப் பாருங்கள். ஆயில் கொட்டினால் விடை கிடைத்துவிட்டது. பிறகு மட்டம் பாருங்கள்: சமதளம், சென்டர் ஸ்டாண்ட், எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வெறுமனே நுழைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு சில வண்டிகளில் திருகிப் பார்க்க வேண்டும். பல்சர் 150 போன்றவற்றில் கண்ணாடி ஜன்னல் இருக்கும். எது உங்கள் வண்டிக்கு என்று மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள், இதில் தவறினால் அளவே மாறிவிடும். கூடுதல் என்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சில் மெல்லிய டியூப் மாட்டி ஆயில் ஊற்றும் வாய் வழியாக உறிஞ்சி எடுக்கலாம். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்த முறை ஆயில் மாற்றும்போது எஞ்சினைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, வடியும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். வடிந்ததை அளந்துவிட்டு, சொன்ன அளவுக்கு 100 மில்லி குறைவாக ஊற்றி மட்டம் பார்த்துச் சேருங்கள்.

ஆயில் மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் கூழாகப் படிந்திருந்தால்? காற்றில் குளிரும் எஞ்சினில் கூலன்ட்டே கிடையாது, ஹெட் கேஸ்கெட் பயம் வேண்டாம். குளிரில் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓட்டுவதால் உள்ளே நீராவி படிந்து ஆயிலோடு கலக்கிறது. வாரத்தில் ஒருநாள் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினால் குறையும். ரேடியேட்டர் வண்டியில் இதே கூழும் கூலன்ட் குறைவும் சேர்ந்து வந்தால் அது வேறு விஷயம், உடனே பட்டறை.

படி 7: பிரேக்

பேட் மாற்றும்போது காலிப்பரின் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) பிஸ்டனை உள்ளே தள்ளுகிறோம். தள்ளினால் மேலே உள்ள கப்பில் மட்டம் ஏறும். முந்தைய உரிமையாளர் தேய்ந்த பேடோடு கப்பை நிரப்பி வைத்திருந்தால் புதுப் பேட் போட்டதும் மூடி வழியாகப் பிதுங்கும். அப்படியானால் ஹேண்டில்பார் பக்கம் மட்டும்தான் ஈரம் இருக்கும். கூடுதலை எடுத்துவிட்டு, மூடிக்கடியில் உள்ள ரப்பரைச் சரியாக உட்கார வைத்தால் தீர்ந்தது.

ஈரம் காலிப்பர் பக்கம் என்றால் கவனம். ஹோஸ் சேரும் போல்ட்டின் இருபக்கமும் ஒவ்வொரு செம்பு வாஷர் இருக்கும். கழற்றியிருந்தால் இரண்டும் புதிதாக வேண்டும். இங்கே பழைய வாஷரைக் காய்ச்சிப் போடும் வேலையே கூடாது. காலிப்பரையும் லிவர் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரையும் நன்றாகத் துடைத்து, இணைப்புகளைச் சுற்றி வெள்ளை டிஷ்யூ சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். லிவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். டிஷ்யூ எங்கே நனைகிறதோ அதுதான் இடம். அழுத்தும்போது லிவர் மெல்ல உள்ளே இறங்கியும் வெளியே ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் கசிகிறது.

இன்னொன்று. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்; ஈரம் சேர்ந்த பிறகு அந்தத் தரத்தின் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். வருடத்தில் பல மாதம் மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊரில், பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும் சாலையில், இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், கசிவு இருக்கிறதோ இல்லையோ, மாற்றிவிடுங்கள். கப்பின் மூடியிலேயே டாட் எண் இருக்கும், அதையே வாங்குங்கள்.

படி 8: முன் ஃபோர்க்

பளபளக்கும் ஃபோர்க் குழாயைத் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி பத்து முறை அழுத்தி விடுங்கள். குழாயில் ஆயில் வளையம் விழுந்தால் சீல் கசிகிறது. எஸ்டேட் மண்பாதையில் ஓடும் வண்டிகளில் மண் துகள் சீல் உதட்டில் சிக்கிக்கொள்வதும் உண்டு. தூசி மூடியை விலக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டுச் சுற்றி எடுத்தால் துகள் வந்துவிடும். சில சமயம் கசிவும் நின்றுவிடும். நிற்காவிட்டால் சீல் மாற்ற வேண்டும். குழாயில் துருப் புள்ளி இருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழியும் என்பதால் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

படி 9: பெட்ரோல்

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வருவதற்கு முன் வந்த சிறிய பைக்குகளில் பெரும்பாலானவை கார்ப்ரேட்டர் வண்டிகள். சரிவில் நிறுத்தினால் மிதவை சாய்ந்து ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டலாம். சமதளத்திலும் சொட்டினால் மிதவை ஊசியில் தூசி. டேங்க்கைக் கழற்றி மாட்டியிருந்தால் ஹோஸ் வெடிப்பு, கிளிப் விட்டுப்போனது இரண்டையும் பாருங்கள். இரவில் டேப்பை மூடுவது நல்ல பழக்கம். ஏனென்றால் ஊசி கசியும் பெட்ரோல் சில வண்டிகளில் எஞ்சினுக்குள் இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் தானாக ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஊசியைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாய்க்குள் பம்ப்பின் பிரஷர் இருக்கிறது. அங்கே கசிந்தால் வீட்டில் முயல வேண்டாம்.

படி 10: முந்தைய கைகள்

நீங்கள் தொட்ட இடமெல்லாம் காய்ந்திருந்தால், உங்களுக்கு முன் யாரோ தொட்ட இடம்தான். கவர் விளிம்பில் பிதுங்கிய பேஸ்ட், நிறம் மாறிய ஒரே ஒரு போல்ட், அளவு பெரிதான டிரெயின் போல்ட், தலை தேய்ந்த ஸ்க்ரூ ஆகியவற்றைத் தேடுங்கள். விற்பதற்கு முன் எஞ்சினைப் பளபளவென்று கழுவித்தான் காட்டுவார்கள். கசிவு இருந்த அழுக்கெல்லாம் அதோடு போயிருக்கும். நீங்கள் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அது தெரியவரும். நேற்றைய சர்வீஸின்மேல் பழி போடும் முன் இதையும் யோசியுங்கள்.

டிரெயின் போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது. டெஃப்லான் டேப் சுற்றுவது, பெரிய போல்ட்டை அடித்து ஏற்றுவது எல்லாம் தற்காலிகம்கூட இல்லை. இறக்கத்தில் போல்ட் விழுந்தால் மொத்த ஆயிலும் பின் டயருக்குக் கீழே. லேத் பட்டறையில் ஹெலிகாயில் (புது மரையாகப் பதிக்கும் கம்பிச்சுருள்) போடச் சொல்லுங்கள், பழைய அளவு போல்ட்டே நன்றாக உட்காரும்.

கசிவு நின்ற பிறகு

மறுபடி துடைத்து, அதே அட்டையின் மறுபக்கத்தை விரித்து ஒரு இரவு வையுங்கள். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறையும், ஒரு மேட்டுப்பாளையம் இறக்கம் போய் வந்த பிறகு ஒருமுறையும் அடியைப் பார்த்து, ஆயில் மட்டமும் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாமல் பட்டறைக்குக் கொண்டுபோவதானால், எந்த நிலையில் சொட்டுகிறது (நிற்கும்போதா, ஓடும்போதா, சூட்டிலா, சைடு ஸ்டாண்டிலா), என்ன நிறம், எதையெல்லாம் கழற்றினீர்கள் என்று சொல்லுங்கள். மேலே கீழே எடுத்த போன் படங்களும் காட்டுங்கள். "அண்ணே, ஆயில் லீக் ஆகுது" என்று மட்டும் சொல்லி விட்டுவந்தால் அவரும் டிரெயின் போல்ட்டிலிருந்துதான் தொடங்குவார்.

வடித்த ஆயிலும் துடைத்த துணியும் ஓடைப் பக்கம் போகக் கூடாது. இந்த மலையின் ஓடைகளில் பெரும்பாலானவை பவானியிலும் மாயாற்றிலும் போய்ச் சேருகின்றன. கீழே இருப்பவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். தரையில் சிந்தியதன்மேல் மரத்தூளைப் போட்டு ஊறவிட்டு அள்ளுங்கள். பழைய ஆயிலை அதே டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.